கட்டிலுக்குக் கிடைத்த இடம்

— இந்தா, கல்லாப்பெட்டி மேல கை வெச்சுச் சொல்றேன் அம்மாடி. நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

— நாக்கு கிடக்கட்டும் பெரியப்பா. கட்டில் போய்ச் சேந்துச்சா இல்லையா? நான் வெளிய போயிட்டு வந்தா கடை பூட்டிக் கிடக்கு, உங்க போன் உள்ள அடிச்சுக்கிட்டே இருக்கு. கட்டில் கேட்ட பொண்ணு வேற போன் பண்ணி, "அம்மாவ வீட்டுக்குக் கூட்டிட்டு வர ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு, வாடகைக்குக் கேட்ட ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னும் வரலையே"ன்னு... இடுப்பு எலும்பு உடைஞ்சவங்கள தரையிலயா படுக்க வைப்பாங்க?

— சேந்துச்சு. ஆம்புலன்ஸ் தெருமுனையில திரும்புது, நான் அவங்க வீட்டுல தலகாணியத் தட்டிப் போடுறேன்.

— அப்பாடா... உக்காருங்க. தண்ணி குடிங்க. ஏன் இவ்வளவு நேரம்?

— அந்தத் தெருவுல வேன் நிறுத்த இடம் தேடினவன் எவன் உருப்பட்டான்? ரெண்டு பக்கமும் கார், இடுக்குல பைக். ஒரு சுத்து வந்தேன். இடமில்ல. இன்னொரு சுத்து வர்றேன்... கண்ணாடியில பாத்தா தண்ணி கேன் வண்டி, காய்கறி வண்டி, பார்சல் வண்டி எல்லாம் என் பின்னாலேயே வருது.

— எதுக்காம்?

— இந்தாளுக்கு எங்கயோ இடம் தெரியும்னு நெனச்சுட்டானுங்க. ஊர்வலமே ஆயிடுச்சு. போலீஸ்காரரு சல்யூட் அடிச்சு, எதிர்ல வந்த வண்டியெல்லாம் நிறுத்திட்டாரு.

— உங்களுக்கு சல்யூட்டு.

— வேனுக்கு. நான் லேசா தலைய மட்டும் ஆட்டினேன். பதில் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?

— ம்... உள்ளங்கை ஏன் இப்படிச் செவந்து கிடக்கு?

— ஸ்டியரிங் இறுக்கம். கதையக் கேளு. கடைசியில ஒரு இடம் காலியாச்சு. வேன் நுழையாது. என்ன பண்ணுவேன்? கட்டில இறக்கி அங்க போட்டு, மேல படுத்துட்டேன்.

— நடுத்தெருவுலயா?

— சேச்சே, ஓரமா. கோட்டுக்குள்ள, அளவா. போலீஸ்காரரு வந்து, "பெரியவரே, இங்க வண்டிதான் நிறுத்தணும்"னாரு. "சக்கரம் இருக்கு, பிரேக்கும் இருக்கு, நல்லா பாத்துக்கோங்க"ன்னேன். குனிஞ்சு பாத்தாரு. "ஆமா, இருக்கு"ன்னுட்டுப் போயிட்டாரு.

— நம்பர் பிளேட் கேக்கலையா?

— கேட்டாரு. கால்மாட்டுல நோயாளி சீட்டு சொருகற தகடு இருக்கே, அதக் காட்டினேன்.

— அதுவரைக்கும் வேன் எங்க நின்னுச்சு?

— அது... கொஞ்சம் தள்ளி.

— யாராவது தூக்கிட்டுப் போயிருந்தா?

— நம்ம வேனயா? எவனும் கிட்டயே வந்திருக்க முடியாது. அத எங்க வேணாலும் வந்து சொல்வேன்.

— செருப்பு வார் ஏன் அறுந்திருக்கு?

— கிளட்ச் கடுசு.

— பெரியப்பா... குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் என்ன சொன்னாரு?

— எதையும் தூக்காதே, தள்ளாதேன்னாரு. நான் என்ன தள்ளினேன்? சொகுசா உக்காந்துல்ல போனேன்.

— வயித்துல வலி இருக்கா?

— துளிகூட இல்ல.

— என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.

— இல்லைன்னா இல்ல, அம்மாடி. அங்க வரைக்கும் ரோடு இறக்கம்தானே. பிடிச்சா போதும், வெண்ணெய் மாதிரி உருளுது.

— எது?

— ...வேன்.

— நல்லவேளை. இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. இந்தா, அந்தப் பொண்ணும் இப்பத்தான் மெசேஜ் போட்டிருக்கு. அம்மா அசந்து தூங்குறாங்களாம்.

— பாத்தியா? சரி, நான் போய் அந்த வேன எடுத்துட்டு வந்துடுறேன். ரொம்ப நேரம் நின்னா அபராதம் போட்டுடுவான்.

— வேணாம், உக்காருங்க. வேன் கடைக்குப் பின்னாலதான் நிக்குது. காலையில வெளிய போறப்ப அதோட சாவிய நான்தான் தெரியாம என் கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டேன்.