மஹ்பூபா தலையில பட்ட கல்லு

இல்ல தம்பி, யாரும் வரல, தாராளமா உக்காருங்க. உங்களுக்கும் ஐசியூவுலதான் ஆளா? அம்மாவா... கண்ணு முழிச்சிட்டாங்களா, நல்லது. எனக்கு வீட்டுக்காரி. மஹ்பூபான்னு பேரு.

ஆமா, அந்த மஹ்பூபாவேதான். நீங்களும் வீடியோ பாத்துட்டீங்களா.

அன்னிக்கு விடியக்காலைல பஜ்ரு தொழுதுட்டு எங்க முல்லா வீதிக்குள்ள நுழையறேன், வானமே பத்திக்கிட்ட மாதிரி வெளிச்சம். கொஞ்சம் கழிச்சு டமார்னு ஒரு சத்தம், ஜன்னலெல்லாம் ஆடுது. அப்புறம் வானத்துலேர்ந்து ஊரு பூரா கல்லு. வைத்திக்குப்பத்துல மீன்புடி போட்டு மேல விழுந்துச்சாம். எங்க பக்கத்து வீட்டு கோபிநாத் சார் காரு கண்ணாடி போச்சு. இவ மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தா. நான் ஓடிப்போயி பாத்தா, தலையத் தடவிக்கிட்டு நிக்கிறா. எலுமிச்சம்பழம் அளவு கல்லு, தண்ணி டேங்குல பட்டுத் தெறிச்சி தலையில பட்டுருக்கு. முக்காடு போட்டிருந்தாளா, ரத்தம்கூட வரல.

ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கூப்ட்டேன் தம்பி. அதுக்குள்ள தெருவே வீட்டுக்குள்ள வந்துடுச்சு, டிவிக்காரங்க வேற. வானத்துக் கல்லு பட்டும் பொழச்ச அதிர்ஷ்டக்காரின்னு மைக்க நீட்டுறாங்க. நான் என்ன பண்ணேன், துணிதான காயப்போட்டேன்னு சிரிக்கிறா. அதத்தான் நீங்க பாத்தீங்க. வந்தவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தா. மத்தியானம், லேசா தலவலிங்க, கொஞ்சம் படுக்கறேன்னா. படுத்தவதான்.

உள்ளயே ரத்தம் கட்டியிருக்கு. ஆபரேஷன் பண்ணாங்க. டாக்டருங்களக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

இன்னும் அந்த வீடியோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இப்பகூட கீழ டீக்கடையில ஒருத்தரு பாத்துச் சிரிச்சிக்கிட்டிருந்தாரு. கொடுத்து வச்ச பொம்பளன்னு என்கிட்டயே காட்டுனாரு. ஆமாங்கன்னுட்டு வந்துட்டேன்.

புள்ளைங்களா? ஒரே பொண்ணு, ஹிபா. பாரீஸ்ல இருக்கா. காலையில மெட்ராஸ்ல எறங்கிட்டா, டாக்சி திண்டிவனம் தாண்டிடுச்சாம். அத்தா, அம்மா கண்ணு முழிச்சா நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்கன்னா. சரிம்மான்னேன்.

அது... நேத்து சாயங்காலமே மூளை செத்துப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. பொண்ணு வந்து ஒரு தரம் கையத் தொட்டுப் பாக்கட்டும், அதுவரைக்கும் மெஷின எடுக்காதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். தொட்டா இன்னும் சூடாத்தான் இருக்கு. ஹிபாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லிப் பாக்கறேன்.