மாப்பிள்ளை வண்டியின் மூளை

கோலார் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினேன். எதிரே ஓர் அப்பாவும் வளர்ந்த மகனும். மகன் மடியில் துண்டு சுற்றிய சின்ன டப்பா.

"ஆட்டாம புடிடா. மாப்பிள்ளை வண்டியோட மூளை அது" என்றார் அப்பா.

வண்டிக்கு மூளையா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவுமில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

"லேப்டாப்லேர்ந்து இந்த டப்பாவுக்குப் புது ப்ரோக்ராம் ஏறிட்டிருந்துச்சு நைனா. பாதியில பைக் சாவியை ஆஃப் பண்ணது யாரு?"

"இன்னா ஏறுச்சு? வண்டி வாசல்ல சும்மாதானே நின்னுச்சு!"

"பாதியில நின்னா அவுட்டு. இப்ப ஸ்டார்ட்டே ஆவல."

"நீ சீட்டைக் கழட்டி ஒயருக்குள்ள கை விட்டிருந்தே. மெஷின்ல ஆள் கை இருந்தா மொதல்ல கரண்டை நிறுத்தணும். ஃபேக்டரியில எங்களுக்கு அதான் சட்டம்."

"பைக் பேட்டரி நைனா! ஷாக்கே அடிக்காது."

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்து வண்டி கேப்பாரு. இன்னும் வேகமா ஓட பிக்கப் ஏத்தித் தரேன்னு நீதானே வாங்கினே? தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பே?"

மகன் டப்பாவின் மேல் துண்டை இன்னொரு சுற்று சுற்றினான்.

"பெங்களூர்ல ஒருத்தர் பழைய ப்ரோக்ராமையே இதுல திரும்ப எழுதித் தரேன்றாரு."

அந்த டப்பாவுக்குள் எப்படி எழுதுவார்கள், எந்த மொழியில் எழுதுவார்கள் என்று யோசிக்க யோசிக்க எனக்குக் குழப்பம்தான் கூடியது.

"வீட்ல மாட்டறப்போ நீ கிட்டவே வராதே நைனா. கையெடுத்துக் கும்புடறேன்."

"வருவேன்டா" என்றார் அப்பா. "உன் கை உள்ள இருந்தா மறுபடியும் ஆஃப் பண்ணுவேன்."