ஹால் சுவரில் இத்தாலி மலை

— சார், நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஆட்டோ கீழ நிக்குது. தாம்பரத்துலேந்து முடிச்சூர் இன்னா தூரம்? போய்ட்டு ஒரு அவர்ல வந்துரலாம். உங்க பையன் வூட்டு ஹால்ல நின்னுகினு, "அந்தப் படத்த நான்தான் பரணிகிட்ட குடுத்து வரையச் சொன்னேன்"னு ஒரு வார்த்த. அவ்ளோதான்.

— உட்காரு பரணி. செருப்பை வெளியில விட்டியா? சரி. எந்தப் படம்?

— இன்னா சார், எந்தப் படம்ன்றீங்க? இதே நாற்காலில உக்காந்துகினுதான குடுத்தீங்க. பச்ச அட்ட போட்ட புக்கு. தோ, அலமாரில ரெண்டாவது தட்டுல கீது. இங்கேந்தே தெரியுது.

— அதுக்குப் பேர் புக்கு இல்லை, கவிதை. சிசிலியில ஒருத்தன் ஆம்படையா போனப்புறம் எழுதினது. அதைப் படிச்சுட்டு ஒரு ஓவியன் அந்த மலைக்கே போய் ரெண்டு வருஷம் தங்கி, பன்னிரண்டு படம் வரைஞ்சான். எழுபத்தி மூணுல மூர் மார்க்கெட்ல வாங்கினேன். முப்பத்தோரு வருஷம் காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம் நடத்தினவன் நான். என் அலமாரியை எனக்கே அடையாளம் காட்டறான், பெயிண்ட் அடிக்கறவன்.

— பெயிண்ட் அடிக்கறவன் இல்ல சார். சுவர்ல படம் போடற ஆர்ட்டிஸ்ட்டு. பதினாறு நாளு சாரத்து மேல நின்னுகினு போட்டேன். கழுத்து இன்னும் திரும்ப மாட்டேங்குது.

— சரி, ஆர்ட்டிஸ்ட். இப்ப என்ன அவசரம்? கிரகப்பிரவேசம்தான் முந்தாநாளே முடிஞ்சாச்சே.

— முடியல சார். அதான பேஜாரே. நீங்க அங்க வரல, அதால உங்களுக்குத் தெரியாது.

— தெரியாதுன்னு நான் எப்ப சொன்னேன்? நீ சொல்லு. உன் வாயால கேட்கணும்.

— அந்த சுவத்துக்கு முன்னாடிதான் ஓமம் வெச்சாங்க. நிகில் சாரும் ஸ்நேகா மேடமும் படத்தப் பாத்தாப்பல மணைல உக்காந்துகினு கீறாங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் செல்லுல போட்டோ புடிக்கிறாங்க. மேடத்தோட அம்மா என்னைக் கூப்ட்டு, "உன் கைக்கு மோதிரம் போடணும்பா"ன்னு ஜாங்கிரி குடுத்தாங்க. அது கைல இருக்க சொல்லவே, நிகில் சார் ஆபீஸ்காரர் ஒருத்தர் உள்ள வந்தாரு. இத்தாலில மூணு வருசம் வேல பாத்தவராம். சுவத்தப் பாத்தாரு. கிட்ட போய்ப் பாத்தாரு. "ஏன்டா நிகில், போயும் போயும் கல்லறைத் தோட்டத்தையா ஹால்ல வரைஞ்சு வெச்சிருக்கே?"ன்னுட்டாரு.

— இந்த வார்த்தையேவா?

— இதே வார்த்ததான். சொம்மா வெளாட்டாதான் கேட்டாரு அந்த மனுசன். மந்திரம் நின்னுபோச்சு சார். அய்யரு கைல நெய்க் கரண்டி அப்டியே நிக்குது.

— நெய்க் கரண்டி. பேஷ். மேலே சொல்லு.

— படத்துல கீற கேட்டு மேல எழுதினதையும் அவரு படிச்சிக் காமிச்சாரு. நீங்க துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தீங்களே, அது. எழுத்து இங்கிலீஷு, பாஷ வேற. "இன்னா சார் அர்த்தம்?"னு கேட்டேன். "நல்வரவு"ன்னீங்க. "உள்ளே படுத்திருக்கிறவர்கள் உனக்காகக் காத்திருக்கிறார்கள்"னு அவர் சொல்றாரு.

— தப்பு. "அவசரமில்லாமல் காத்திருக்கிறார்கள்." அந்த 'அவசரமில்லாமல்'ல தான் கவிதையே இருக்கு. அதை விட்டுட்டான். நூத்துக்கு நாற்பது போடலாம் அவனுக்கு.

— மார்க்கு போடறீங்களா சார்? ஸ்நேகா மேடம் மணையிலேந்து எழுந்து ஓடிப் போய் பாத்ரூம்ல கதவ சாத்திகினாங்க. மூணு மாசம் முழுகாம கீறாங்க அவங்க.

— எனக்கு யாரும் சொல்லலை.

— நீங்கதான் ரெண்டு மாசமா உங்க பையன் போனையே எடுக்கறது இல்லயே.

— மேலே சொல்லு.

— மேல இன்னா கீது? கூடுவாஞ்சேரிலேந்து வேன்ல வந்தாங்களே பொண்ணு வூட்டு ஜனம், ஒருத்தரும் எலைல உக்காரல. சமைச்சது எல்லாம் அப்டியே கீது. மேடத்தோட அப்பா என் காலரப் புடிச்சாரு. "எவன்டா ஏவி வுட்டான், என் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு செய்வினை வெக்க?"ன்னாரு. சார், சத்தியமா நான் அங்க உங்க பேர சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா உசிருக்கு வந்திச்சு. சொல்லிட்டேன். "நிகில் சார், படம் உங்க அப்பா குடுத்தது, எழுத்தும் அவர் குடுத்தது"ன்னேன்.

— அவன் என்ன சொன்னான்?

— பளார்னு வுட்டாரு ஒண்ணு. "எங்க அப்பா இந்த மாதிரி செய்ய மாட்டார்டா, அவரைப் பத்திப் பேசாதே"ன்னாரு. படத்துக்கு அடிக்கல. உங்க பேர சொன்னதுக்குதான் அடிச்சாரு.

— காதுல பட்டுதா?

— கன்னத்துல. அத்த வுடுங்க. அந்த பில்டிங்ல இன்னும் எட்டு வூடு என்னைத்தான் போடச் சொல்லி வெச்சிருந்தாங்க. நேத்து காலைல போனா, வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டான். உள்ள கீற என் டப்பா, பிரஷ் எல்லாம் தூக்கி ரோட்ல வெச்சிட்டாங்க. புது வூட்ல கை வெக்கற தொழில் சார் இது. கை ராசி இல்லன்னாலே கூப்ட மாட்டான். செய்வினக்காரன்னு பேரு வந்துட்டா? இரும்புலியூர்லேந்து செங்கல்பட்டு வரைக்கும் எவன் சார் தன் வூட்டு சுவத்த என்னை நம்பி வுடுவான்? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். "தெரியாம குடுத்துட்டேன்"னு கூட சொல்லுங்க. நான் ஆமான்றேன்.

— தெரியாமயா? நான் எதையும் தெரியாம கொடுக்கறவன் இல்லை பரணி.

— அப்ப தெரிஞ்சேதான் குடுத்தீங்க.

— நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அந்த வெள்ளை வெள்ளையா நிக்கறது என்னன்னு என்னைக் கேட்டே. நான் என்ன சொன்னேன்?

— கல் பெஞ்சுன்னீங்க. கூலி ஆளுங்க சாயந்தரம் ஒக்கார்றதுக்குன்னீங்க.

— உயர உயரமா கறுப்புப் பச்சையில மரம்?

— நம்ம நெட்டிலிங்க மரமான்னு கேட்டேன். ஆமான்னு தலைய ஆட்டினீங்க.

— அது இடுகாட்டுல நடற மரம். அந்த ஊர்ல குழந்தைக்குக் கூடத் தெரியும். நீ அதுக்கு அடியில ஒரு காக்காவைச் சேர்த்தியாமே?

— வெறிச்சுனு இருந்திச்சேன்னு சேத்தேன் சார். அந்தப் புக்குல வேற படம் எல்லாம் எவ்ளோ நல்லா இருந்திச்சு. படகு நாலு கரைல கவுத்துப் போட்டு, வல காய வெச்சிருக்குமே, அது எனக்குப் புடிச்சிது. எங்க அம்மா வூடு கோவளத்துல. வல எப்டி வுழும்னு எனக்குத் தெரியும், கண்ண மூடிகினு போடுவேன். அத்தப் போடறேன்னு எவ்ளோ கேட்டேன். மிச்சப் பக்கத்த எல்லாம் சேத்து குண்டூசி குத்திக் குடுத்தீங்க. இது ஒண்ணுதான்னு.

— பன்னிரண்டுல பதினொண்ணு வாழறவாளுக்கு. இது ஒண்ணுதான் போனவளுக்கு.

— யாருக்கு?

— லோகநாயகிக்கு. அவ போய்ப் பத்து மாசம் ஆறது. வருஷம் முடியலை. தாயார் போன வருஷத்துல எங்காத்துல பண்டிகை கிடையாது, கோலம் கிடையாது. மலை ஏறிக் கோவிலுக்குப் போகக் கூடாது. கல்யாணத்துக்குக் கூட வாசலோட நின்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுத் திரும்பணும். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. அவன் பட்டு வேஷ்டி கட்டிண்டு, ஹோமம் வளர்த்து, ஊரைக் கூட்டிப் பாயசம் போடறான். கேட்டா, ஹோமம் பண்ணிவைக்கற வாத்தியார் பரிகாரம் பண்ணிக்கலாம்னாராம். இன்னும் ரெண்டே மாசம் பரணி. பெத்தவளுக்காக ரெண்டு மாசம் பொறுக்க முடியலை அவனுக்கு.

— அதுக்கோசரமா?

— எங்களவாளுக்குக் கல் வைக்கிற வழக்கம் இல்லை. ஒரு சொம்பு சாம்பல், அதையும் கடல்ல கரைச்சாச்சு. அவ இருந்தான்னு சொல்ல ஒரு இடம் கிடையாது. அதனால அவன் வீட்டு ஹால்ல பதினெட்டு அடிக்கு நான் ஒரு இடம் கொடுத்தேன். அவ முன்னால உட்கார்ந்து பாயசம் சாப்பிடட்டும்னு.

— அவர் மேல கோவம்னா அவர அடிச்சிருக்கலாம். என் வயித்துல ஏன் சார் அடிச்சீங்க?

— உன்னை நான் எங்கே நினைச்சேன்? நீ பிரஷ். ஒரு காரியத்துக்கு எடுத்தேன், காரியம் ஆச்சு. கழுவி வைக்கிறது என் வேலை இல்லை.

— இதான் உங்க முடிவா?

— ஆட்டோவை அனுப்பிடு. நான் வரலை. அவன் மாமனார் செய்வினைன்னு நம்பினா நம்பட்டும். அந்த ஹால்ல அவனுக்கு ஒரு நாளும் தூக்கம் வரக் கூடாது.

— சரி சார். நான் கிளம்பறேன். இன்னிக்குக் காலைல வேற ஆள் வந்து வெள்ளையடிச்சிட்டாங்க, அதையும் சொல்லிடறேன். காக்காவ மட்டும் ரெண்டு தபா அடிச்சும் மறையலயாம்.

— மூணாவது அடிச்சா மறையும்.

— ஒண்ணு இருக்கு சார். இத்த சொல்லக் கூடாதுன்னு நிகில் சார் எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. சொல்லாம போயிரணும்னுதான் மாடி ஏறினேன். இப்ப சொல்லிட்டுதான் போவேன். நீங்க பிரஷ்னு சொன்னீங்கல்ல.

— என்ன மிரட்டறியா?

— நான் யாரு சார் மிரட்டறதுக்கு. அவர் சொல்லித்தான் உங்களாண்ட புக்கு கேட்டு வந்தேன். நீங்க குடுத்த அன்னிக்கு ராத்திரி அவருக்குப் போன் போட்டேன், அப்ப ஆபீஸ் வேலையா பெங்களூருல இருந்தாரு. "அப்பா குடுத்தாரா? அவர் கையால குடுத்தாரா?"ன்னு மூணு தபா கேட்டாரு. அழுவறாரு சார் போன்ல. "எந்தப் படம்னு பாக்கறீங்களா, போட்டோ புடிச்சி அனுப்பவா?"ன்னேன். "வேணாம், எங்க அப்பா எதைக் காட்டறாரோ அதையே போடு"ன்னாரு.

— ஆபீஸ்காரன் பாத்து மெச்சணும், இத்தாலி வேணும் அவனுக்கு. அவ்வளவுதான்.

— அவருக்கு இத்தாலியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஹாலை ஒட்டினாப்பல ஒரு ரூம் கீதே, பாத்திருக்கீங்களா? எங்க பாத்தீங்க. அந்த ரூமோட கதவ இடிச்சி மாத்தி வெச்சாரு. கட்டில்ல படுத்தா நேரா அந்த சுவரு தெரியணும்னு. புக்கு வெக்க மூணு பக்கமும் அலமாரி. எல்லாம் உங்களுக்கு.

— எனக்கா?

— உங்களுக்குத்தான். ஆஸ்பத்திரில அம்மா சொன்னாங்களாம். "அப்பாவோட அந்தப் புஸ்தகத்துல இருக்கற மாதிரி ஒரு சுவர் போட்டு வை, அவர் பாத்துகினே கிடப்பாரு"ன்னு. உங்களுக்கோசரம் செய்யறாங்கன்னு தெரிஞ்சா நீங்க வரவே மாட்டீங்களாம், அதால வாயத் தொறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. ஓமம் முடிஞ்சதும் எல ஒண்ணு கட்டி எடுத்துகினு, உங்களக் கூட்டினு போக அவரே இங்க வர்றதா இருந்தாரு.

— பொய். அப்படின்னா வருஷம் முடிஞ்சப்புறம் பண்ணியிருக்கலாமே. ரெண்டு மாசம்தானே. அவ பேச்சைக் கேக்கறவன் அவளுக்காக ரெண்டு மாசம் இருக்க மாட்டானா?

— நானும் அதத்தான் சார் அவராண்ட கேட்டேன். அம்மா கைய அடிச்சி சத்தியம் வாங்கிட்டாங்களாம் சார். "வருஷம் முடியட்டும்னு நிக்காதடா, வூடு ரெடியான அன்னிக்கே அவரைக் கூட்டிட்டுப் போயிடு, நான் இல்லாத வூட்ல அவர் ஒரு வருஷம் தாங்க மாட்டார். செத்துப் போறவ நான்தானே, நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்"னு.