முதல் மீன் ஏரிக்கு

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் கையில் சோப்புப்பெட்டி அளவில் துபாய் வீடியோ கேம். மேலிருந்து விழும் மீன்களைப் படகில் பிடிக்க வேண்டும்.

"இன்னா ஏழுமல, முதல் மீன மறுபடியும் வுட்டுட்டியா?"

"வேணும்னுதான் பாய். முதல் மீனு ஏரிக்குனு நைனா சொல்லியிருக்காரு."

"அது வலையில வர்ற மீனுக்குடா. இது பேட்டரியில வர்றது."

"படகுல ஏறுனா மீனுதான்."

"மூணு மீன் தவறுனா ஆட்டம் அவுட்டு. நீயே ஒண்ண தாரவாத்துட்டு ஆடுற. படகு ரொம்புனா பாட்டு வரும், ஒருவாட்டியாவது கேக்கணும்னு நீதான் உயிரை வாங்குன. பொன்னேரியில எங்கண்ணன் இத வாங்கிக்கினு துபாய்க்குக் கெளம்பிடுவாரு."

"அதுக்குள்ள கேட்டுர்றேன். சும்மா வா பாய்."

அப்புறம் பீப் பீப் மட்டும்தான். நடுவில் இன்னொரு மீனும் தவறியது; கணக்கில் இரண்டு. படகில் இன்னும் ஒரே மீனுக்கு இடம். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது; அந்தக் கடைசி மீனும் தண்ணீருக்குள் போய், ஆட்டம் அவுட்டு. வெளியே பொன்னேரி வந்திருந்தது.

"முதல் மீன புடிச்சிருந்தா இந்நேரம் பாடியிருக்கும்."

ஏழுமலை கேமைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"பாடியிருக்கும் பாய். ஆனா நாளைக்கு வலையில மீனு வருமா?"