கீழ்வீட்டு இணைப்பு

இன்டர்நெட் வாங்குகிறவர்கள் எல்லோரும் வேகம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கம்பி எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அதைத்தான் பார்க்க வேண்டும்.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். என் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு என்னுடையது. மாடியில் நான் மட்டும் இருக்கிறேன். என் மனைவி, தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அந்தக் குழந்தை இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறது. எங்களுக்குள் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

கீழ்வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு முன் நர்ஸம்மா குடிவந்தார். மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள், அவளும் வெளிநாட்டில். குடிவந்த இரண்டாம் நாளே படியேறி வந்து கேட்டார்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியாததா. எந்த நெட் போடலாம்னு நீங்களே சொல்லுங்க. பொண்ணு முகத்தப் பாத்துப் பேசணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கீழ்வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள். உள்ளே கைபேசிக்கு சிக்னல் வராது. பேச வேண்டுமானால் கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நிற்க வேண்டும். வைஃபை இருந்தால்தான் அந்த வீட்டுக்குள் ஃபோன் ஃபோனாக இருக்கும்.

எங்கள் தெருவில் மூன்று இணைப்புகள் கிடைத்தன. ஒன்று அரசாங்கத்தின் பழைய செம்புக் கம்பி. நானே இழுத்தது, தூறல் விழுந்தாலே படுத்துவிடும். இன்னொன்று பெரிய கம்பெனியின் ஃபைபர். தரைக்கு அடியில் வந்து, முன்சுவரில் ஒரு துளை போட்டு, நேரே அவர் கூடத்துக்குள் போய்விடும். அதில் குறை சொன்னவர்கள் தெருவில் யாரும் இல்லை. மற்றது உள்ளூர் கேபிள்காரருடையது. கம்பத்திலிருந்து என் மொட்டைமாடிக்கு வந்து, என் படுக்கையறை ஜன்னலை ஒட்டிய பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து கீழே இறங்கும். நான் கேபிள்காரரைச் சொன்னேன்.

பெரிய கம்பெனி ஆள் அளவெடுக்க வந்தபோது, என் சுவரில் துளை போட விடமாட்டேன் என்று திருப்பி அனுப்பியதும் நான்தான். நர்ஸம்மாவிடம், "பெரிய கம்பெனின்னா கம்ப்ளெயின்ட் பண்ணா மிஷின்தான் பேசும். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு உயிரை வாங்கிடும். கேபிள்காரர் நம்ம ஆளு" என்றேன். அவர் சிரித்தார். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கம்பி என் கண்ணெதிரே இருக்கட்டும் என்று பட்டது.

முதல் தடவை லைன் தானாகவேதான் போனது. அணில் கடித்திருந்தது. நர்ஸம்மா படியடியில் நின்று, "அண்ணா, நெட் போயிடுச்சு" என்று குரல் கொடுத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கினேன். பத்து நிமிட வேலை. அவர் டீ போட்டுக் கொடுத்தார். ஒருவர் போட்ட டீயை உட்கார்ந்து குடித்து எனக்கு வருடக்கணக்காகியிருந்தது. அவர் வேலை பார்த்த வார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் மகள் வந்தாள். "மாமா, நீங்க இல்லன்னா அம்மா திண்டாடிப் போயிருப்பாங்க" என்றாள். என்னை மாமா என்று கூப்பிட இதுவரை ஆள் இருந்ததில்லை. நாலைந்து நாள் அந்த வார்த்தை காதிலேயே இருந்தது.

அதற்கப்புறம் ஐந்து வாரம் லைன் ஒழுங்காக ஓடியது. நர்ஸம்மா மாடிப்படிப் பக்கமே வரவில்லை. காய்கறிப் பையோடு வாசலில் எதிர்ப்பட்டால் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் மேலே வந்து ஜன்னலருகே உட்காருவேன். பெட்டிக்குள் அந்த இணைப்பு நகத்தால் நெம்பினாலே கழன்றுவிடும்.

மகள் ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிடுவாள். மூன்று ஐம்பதுக்குக் கழற்றினால், நாலு ஐந்துக்கு நர்ஸம்மா படியடியில் நிற்பார். வாரா வாரம் செய்யவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, சில மாதம் மூன்று. அவரை நான் அதிக நேரம் தவிக்க விட்டதில்லை. பேரன் பிறந்த அன்று மட்டும் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவர் அழுதுவிட்டார். சரிசெய்து கொடுத்தேன். அந்தக் குழந்தையின் முகத்தை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் முதலில் பார்த்தோம். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

சில மாதங்கள் கழித்து மகள் ஒரு சின்ன கேமரா அனுப்பினாள். "தனியா இருக்காங்க, பிரஷர் வேற. ஏதாவது ஆச்சுன்னா எனக்கு உடனே தெரியணும் மாமா" என்றாள். கூடமும் குளியலறை வாசலும் தெரிகிற மாதிரி நான்தான் மாட்டினேன். அதுவும் இதே லைனில்தான் ஓடும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸம்மா துணி உலர்த்த மொட்டைமாடிக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம்.

"பொண்ணு அங்கிருந்தே வேற நெட்டுக்குச் சொல்லிட்டா. நாளைக்கு ஆள் வர்றாங்க. ஜன்னல் கம்பி வழியாவே இழுத்துடுவாங்களாம், சுவத்துல கை வைக்க மாட்டாங்க. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதே இல்ல அண்ணா."

"அதுவும் நல்லதுதான்" என்றேன்.

அவர் மனதில் கள்ளம் இல்லை. எனக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் நினைத்திருப்பார். நான் கோபப்படவும் இல்லை. மதியம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்தேன். மூன்று நாற்பதுக்கு இணைப்பைக் கழற்றினேன். கடைசியாக ஒரு தடவை அவர் கூப்பிடட்டும், நான் இறங்கிப் போகிறேன், டீயோடு முடித்துக்கொள்ளலாம் என்று சட்டையைக்கூட மாற்றிக்கொண்டேன்.

நாலு மணிக்குக் கீழே ஏதோ விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, பிறகு அமைதி, மறுபடி மூன்று தட்டு. ஆணி அடிக்கிறார் என்று நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. எவர்சில்வர் டம்ளர் தரையில் படுகிற சத்தம் எனக்குத் தெரியும். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்றும் தெரிந்தது. ஆனால் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை என்று காலையில் சொன்னவர் அவர்தானே. வாயைத் திறந்து கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நாலு பத்துக்கு மகள் என்னைக் கூப்பிட்டாள். மாடியில் எனக்கு சிக்னல் உண்டு.

"மாமா, அம்மா லைன்ல வரல. கேமராவும் ஓடல. கொஞ்சம் கீழ போய்ப் பாத்துட்டு சொல்றீங்களா?"

"இதோ போறேம்மா" என்றேன். போகவில்லை.

கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் கீழே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பாத்துட்டேன்மா. அசந்து தூங்கறாங்க. எழுப்ப மனசு வரல. நெட்தான் போயிருக்கு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க இருக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன் மாமா" என்றாள்.

அதை அவள் மனதாரச் சொன்னாள். நானும் மனதாரத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தரை வாக்கில் தட்டுவது நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். வீடு பழையபடி ஆகிவிட்டது. ஆறு பத்துக்கு இணைப்பை மாட்டிவிட்டு இறங்கினேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. குளியலறை நடையில், கேமரா பார்க்கிற இடத்திலேயே கிடந்தார். ஒரு பக்கம் முகம் கோணியிருந்தது. இடது கையில் டம்ளர். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது.

"நெட் வந்துடுச்சு நர்ஸம்மா" என்றேன்.

வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் மருத்துவமனையில் போய்விட்டார். விழுந்த நிமிடமே வலப்பக்கமும் பேச்சும் போயிருக்கும் என்றார் மருத்துவர். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைக்க வழி இருந்தது என்றும் சொன்னார். பேச்சு போனது எனக்கு எப்படித் தெரியும்?

மகள் வந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். காரியம் முடியும்வரை எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் செய்தாள். அப்புறம்தான் தன் ஃபோனில், கேமரா எந்தெந்த நேரம் நின்றது என்ற பட்டியலைப் பார்த்திருக்கிறாள். கேபிள்காரரிடம் கேட்டிருக்கிறாள். அந்த நேரங்களில் தெருவில் வேறு யாருக்கும் லைன் போகவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள்.

எனவே நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கம்பியைக் கழற்றியவன் நான். தட்டுவதைக் கேட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். தூங்குகிறார் என்று மகளிடம் சொன்னவனும் நான். யாரும் என்னை மிரட்டவில்லை. சுயநினைவோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு உதவி மட்டும் கேட்கலாமா? அம்மா போன பிறகு அந்தப் பெண்ணுக்கு இங்கே நாதி என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். நீங்கள் என்னை அழைத்து வருவதற்கு முன் மூன்று நாள் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறாள். அவள் பக்கம் லைனில் ஏதோ கோளாறு இருக்கிறது. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.