அமுங்கிப்போன கேஸ்கெட்

இல்ல சிஸ்டர், வம்பு பண்றதுக்காக இல்ல. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் போனை அணைங்க, போனை அணைங்கன்னு கெஞ்சுறேன், உண்மைதான். அந்த மீசைக்காரர் உங்ககிட்ட புகார் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. பைத்தியம்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறார். ஆனா எங்கம்மா பெட் பக்கத்துல யார் போன் அடிச்சாலும் மானிட்டர்ல கோடு தாறுமாறாத் துடிக்குது, பாத்தீங்கல்ல? காலையில நீங்களே பதறிப்போய் ஓடி வந்தீங்க. அம்மா நல்லாத்தான் இருந்தாங்க. என் பயம் என்னன்னா, நெஜமாவே ஏதாவது ஆகுறப்போ, இது சும்மா கத்துதுன்னு நீங்க மெதுவா வந்துட்டா?

ஒயர் மாத்திப் பிரயோஜனம் இல்ல சிஸ்டர். கோளாறு மானிட்டர் பெட்டியில. எப்படித் தெரியும்னா... அந்த வேலை கொஞ்சம் தெரியும்.

குக்கர் மூடியில ஆவி போகாம ஒரு கேஸ்கெட் இருக்குல்ல? இந்தப் பெட்டி மூடிக்கும் ஒண்ணு உண்டு. ஆனா இது கரண்ட் கடத்துற ஜாதி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல முடியளவு இடுக்கு இருந்தாலும் போன் அலை உள்ள பூந்துடும். இதைச் செஞ்ச கம்பெனியில ரெண்டு ரகம் பாத்தாங்க. ஒண்ணு வெள்ளித்தூள் கலந்த ரப்பர். ரொம்பக் கெட்டி, ஸ்க்ரூ முடுக்குறதுக்குள்ள கை கழண்டுடும். இன்னொண்ணு மெத்தையில இருக்கிற மாதிரி நுரை, மேல உலோகத் துணி சுத்தினது. நோகாம மூடலாம். புதுசுல ரெண்டுமே சோதனையில பாஸ். ஆனா நுரையை எவ்வளவு அமுக்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி பெட்டி விளிம்புல அது உக்கார்ற பள்ளத்தை ஆழமா வெட்டணும். வெட்டல. அளவுக்கு மேல நசுங்கினது நசுங்கினதுதான், எழும்பாது. ரிப்பேருக்கு மூடியைத் திறந்து திரும்ப மூடினா அங்கங்க இடுக்கு விழுந்துடும்.

ஆமா, நான்தான். நுரையே போதும்னு கையெழுத்துப் போட்டது நான்தான். பள்ளத்தை மாத்தினா வேலை தள்ளிப்போகும்னு மேனேஜர் மூஞ்சியைச் சுளிச்சார், நானும் வாயை மூடிக்கிட்டேன். நேத்து அம்மாவைக் கொண்டுவந்து படுக்க வெச்சதும், பெட்டி மேல எங்க கம்பெனி பேரைப் பாத்தேன். நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு. காலையிலேயே கம்பெனிக்குச் சொல்லிட்டேன். ஆள் அனுப்புறோம்னாங்க. எப்போன்னு சொல்லல.

வேற மெஷின் மிச்சம் இல்லன்னீங்க. சரி. அப்போ ஒரு உதவி, கேக்கவே கூசுது. பக்கத்து பெட் பெரியவருக்கு மாட்டியிருக்கிறது வேற கம்பெனிது. அதை எங்கம்மாவுக்கு மாத்தி விடுங்களேன்.

இது யாருக்குப் போகுமா? அவருக்குத்தான்.

தெரியும் சிஸ்டர். தெரிஞ்சுதான் கேக்குறேன். நான் கேட்டதும் மறுபேச்சு பேசாம போனை அணைச்சுப் பையில போட்டது அவரோட சம்சாரம் ஒருத்தங்கதான். இப்போ கேன்டீனுக்குப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள மாத்திடுறீங்களா?