நான் சொல்ல மறுத்த பாதிச் செபம்

"படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!"

தங்கையின் குரல். எனக்கல்ல. தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே அங்கிருப்பவர்களிடம் கத்துகிறாள். எறிகணை புறப்படுகிறது. டும். அடைத்த கதவில் யாரோ முஷ்டியால் குத்தியதுபோல. எண்ணுகிறேன். ஐந்து. ஆறு. ஏழு. ஊளை. பிறகு வெடி. லண்டனில், பிளாஸ்டோவில், என் சமையலறையில் ஒரு கோப்பைகூட அசையவில்லை.

2009. ஏப்ரல். செவ்வாய்க்கிழமை. இங்கே காலை பதினொன்று நாற்பது. அங்கே, வன்னிக் கரையில், பின்னேரம் நாலு பத்து. நான் ஷிப்ட் முடிந்து வந்த உடுப்போடு நின்றேன்.

அவள் ரெஜினா. முப்பத்தொன்பது வயது. கணவனை ஜனவரியில் எறிகணை தின்றுவிட்டது. ஒரே மகள் மெர்சி, பதினான்கு. தேவாலய வளவில் தறப்பாளுக்குக் கீழே காயக்காரர்கள் கிடந்தார்கள். ஒருநாள் முப்பது பேர். மறுநாள் நாற்பது. மருந்து இல்லை. ரெஜினா தாதியும் இல்லை, தையல்காரி. சேலைகளை அவித்துக் கிழித்துக் கட்டினாள். சீழ் துடைத்தாள். மாக்கஞ்சி பருக்கினாள்.

வளவில் செய்மதித் தொலைபேசி ஒன்று இருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம். எங்களுக்குள் ஒரு வழக்கம். கடைசி மூன்று நிமிடம் செபமாலை. முன்பாதியை அவள் சொல்வாள். பின்பாதியை நான். அவள் வன்னியில் முழந்தாளில். நான் பிளாஸ்டோவில் முழந்தாளில்.

அன்று செபத்துக்கு நேரமில்லை என்று முதலிலேயே சொன்னேன். ஆறு மணிக்கு ஒரு படகு நீரேரியைக் கடக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் மூலம் இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தேன்.

"மெர்சியைக் கூட்டிக்கொண்டு ஏறு, ரெஜி!"

"மெர்சி போவாள், அண்ணை. நான் இவையளை விட்டிட்டு வர ஏலாது."

"விசரி! பிள்ளைக்கு நீ மட்டும்தான் மிச்சம்!"

"கத்தாதேங்கோ. ஷெல் சத்தத்திலயே ஒரு காது போச்சு. மற்றதை நீங்கள் எடுத்துப் போடாதேங்கோ."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியமுன் டும். ஐந்துவரை எண்ணினேன். வெடி. கிட்ட. மண் கொட்டுகிறது. நீளமாய்க் கொட்டுகிறது. ஓர் ஆணின் குரல். "என்ர கால் எங்க? என்ர கால் எங்க?"

இனி நான் சொன்னதை எழுத வேண்டும். பத்து வருடம் ஞாயிறுதோறும் எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன் நான். அயலவன் யார் என்று கேட்பேன். கைகள் உயரும். அதற்கு முந்திய ஞாயிறும் அதே பாடம்தான். அதே வாயால் கத்தினேன்.

"அவங்கள் எப்பிடியும் சாகப்போறாங்கள்! விட்டிட்டு ஓடு! கடவுள் ஒண்டும் கேக்கமாட்டார்!"

இரைச்சல். மூச்சு.

"நீங்கள் கத்தினது இவையளுக்கும் கேட்டிட்டுது, அண்ணை."

கோபமில்லாமல் சொன்னாள். பிறகு செபத்தைத் தொடங்கினாள். முன்பாதி முடிந்தது. எனக்காக நிறுத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்லாவிட்டால் மனம் மாறுவாள், ஓடுவாள் என்று கணக்குப் போட்டேன். செபத்தை வைத்துப் பேரம் பேசினேன்.

அந்த மௌனத்துக்குள் பின்பாதி வந்தது. அங்கிருந்து. காயக்காரர்கள் சொன்னார்கள். நாற்பது தொண்டைகள். சிலது வெறும் காற்று. அவர்களில் பாதிப்பேர் சைவக்காரர். நாள்தோறும் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. கால் எங்கே என்று கேட்டவனும் சொன்னான். இரண்டாவது முறை. மூன்றாவது முறை. நாலாவதில் என் வாய் திறந்தது.

டும். இம்முறை எண்ண நேரமில்லை. வெடியாகக் கேட்கவில்லை. தடித்த துணியைக் கிழிக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பதினொன்று நாற்பத்தொன்பது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். கேத்தலைச் சுவரில் அடித்தேன். கொதிநீர் என் பாதத்தைத் தோலுரித்தது. ஞாயிறு வந்தது. மறைக்கல்விப் புத்தகத்தைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். ஏன் என்றார். வாசலை நோக்கி நொண்டி நடந்தேன்.

ஜூன். தப்பியவர்களை அடைத்திருந்த முகாமிலிருந்து ஓர் அழைப்பு. ஆண்குரல். உடனே அடையாளம் தெரிந்தது. கால் இழந்தவன். பெயர் யோகன்.

"ஓடச் சொன்ன அண்ணை நீங்களோ?"

"ஓம்."

"எனக்குக் கோபமில்லை. என்ர தங்கச்சி எண்டால் நானும் அப்பிடித்தான் கத்தியிருப்பன்."

அவன்தான் மிச்சத்தைச் சொன்னான். ரெஜினா எழும்ப ஏலாத ஒரு மனிசிக்கு மேல் கவிழ்ந்து கிடந்தாளாம். முதுகு இருக்கவில்லையாம். ஆறு மணிக்கு மெர்சியைத் தாயின் உடலிலிருந்து பிய்த்தெடுத்துப் படகில் போட்டார்கள். நடு நீரில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. ஏறியவர்கள் பதினான்கு பேர். கரை கண்டவர்கள் ஒன்பது பேர். மெர்சி ஒன்பதில் ஒருத்தி. வலது தோளில் குண்டு. அவள் இன்னும் யாரோடும் பேசவில்லை.

யோகனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். வளவில் கிடந்தவர்களின் பெயர்கள். எப்படியும் சாவார்கள் என்று நான் சொன்னவர்களின் பெயர்கள். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் முகாம்களுக்கு அழைக்கிறேன். ஒவ்வொருவராய் விசாரிக்கிறேன். செத்தவர்களை எழுதி வைக்கிறேன்.

என் தங்கை ரெஜினா.

படகில் ஐந்து பேர்.

வளவில், அந்த ஒரு வெடியில், காயக்காரர்கள் பதினேழு பேர். சவுந்தரம். லூர்தம்மா. சின்னத்துரை. பவானி. பவானியின் தகப்பன். அந்தோனி என்றொரு தச்சர்.

பதினொரு பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை.